சினைப்பைப் பல்நீர்க்கட்டி நோய்த்தொகுதி

சினைப்பைப் பல்நீர்க்கட்டி நோய்த்தொகுதி என்பது பூப்படைந்த பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு ஆகும். 1935-இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைனும் லெவெந்தாலும் ஏழு பெண்களிடம் இதனைக் கண்டு விவரித்தனர். பேச்சுவழக்கில் இதனை 'நீர்க்கட்டி' என்றாலும், ஸ்கேனில் கோத்த முத்துகள்போல் தெரிபவை கட்டிகள் அல்ல, முழு வளர்ச்சி எய்தாமல் நின்றுபோன முட்டைப்பைகளே.

பலரிடம் இந்நோயின் வேர் இன்சுலின் எதிர்ப்பில், அதாவது உடலணுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத நிலையில், இருக்கிறது. அதை ஈடுகட்டக் கணையம் மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்பால் ஹார்மோன்களைப் பெருக்குவதோடு, அவற்றைப் பிணைத்துவைக்கும் கல்லீரல் புரதத்தையும் குறைத்துவிடுவதால், மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் பருவும் முடியும் தோன்றுகின்றன. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பதும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமே. அதை அழுக்கென்று எண்ணி நாரால் தேய்ப்பது புண்ணில்தான் முடியும்.

முட்டை வெளியேற்றம் தவறுதல், ஆண்பால் ஹார்மோன் மிகுதல், ஸ்கேனில் சினைப்பைத் தோற்றம் மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு முதலிய பிற காரணங்கள் இல்லையென்று உறுதியானால் நோயெனக் கொள்வது 2003-ஆம் ஆண்டின் ரோட்டர்டாம் வரையறை. 2024-இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில், இவ்வரையறைப்படி 19.6 விழுக்காட்டுப் பெண்களிடமும், 1990-இன் கடுமையான வரையறைப்படி 7.2 விழுக்காட்டினரிடமும் இந்நோய் காணப்பட்டது.

மருத்துவத்தில் முதலிடம் உணவுக்கும் உடற்பயிற்சிக்குமே. பெங்களூரை அடுத்த ஜிகணியிலுள்ள சுவாமி விவேகானந்த யோகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனந்தப்பூரில் 15 முதல் 18 வயதுவரையுள்ள 90 மாணவியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு யோகமும் மற்றவர்க்கு வழக்கமான உடற்பயிற்சியும் நாளுக்கு ஒரு மணி நேரமாக 12 வாரங்கள் அளித்தபோது, எடை மாற்றத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாதபோதும், யோகப் பிரிவில் ஆண்பால் ஹார்மோன் கூடுதலாகக் குறைந்தது. எடைக் கருவியின் முள் அசையவில்லை என்பதற்காகப் பயிற்சியைக் கைவிடுவோர் அறியவேண்டிய செய்தி இது. மாதவிடாயைச் சீராக்க ஹார்மோன் மாத்திரைகளும், இன்சுலின் எதிர்ப்புக்கு மெட்ஃபார்மினும், கருத்தரிப்புக்கு லெட்ரோசோலும் தரப்படுகின்றன. கடைசியாகச் சொன்னதைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2011-இல் விதிக்கப்பட்ட தடை 2017-இல் நீக்கப்பட்டது.

'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடுவதும், குழந்தை பிறந்ததும் மருத்துவத்தை நிறுத்துவதும் பெருந்தீங்கு. நீண்டகாலம் மாதவிடாய் வராதிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வும் இரண்டாம் வகை நீரிழிவும் இப்பெண்களிடம் மிகுதி என்பதால், மெலிந்த உடல்வாகு உடையவர்களும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.