தைமூர் (1336–1405)

இன்றைய உஸ்பெகிஸ்தானின் ஷாரிசப்ஸ் அருகே பிறந்த துருக்கிய-மங்கோலியப் படைத்தலைவர். வலது காலும் கையும் ஊனமுற்றவர். 1941இல் சமர்கந்திலுள்ள அவரது கல்லறையைத் திறந்த சோவியத் ஆய்வாளர்கள் எலும்புகளைப் பார்த்து இதை உறுதிசெய்தனர். செங்கிஸ்கான் வழிவந்தவர் அல்லர் என்பதால் ‘கான்’ பட்டம் சூடாமல், பொம்மைக் கான்களை முன்னிறுத்தி 1370 முதல் ‘அமீர்’ ஆக ஆண்டார்.

1398 டிசம்பரில் அவரது படை டெல்லியைச் சூறையாடியது. போருக்கு முன் கைதிகள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். எந்தப் போர்த்திறனைச் சொல்லியும் மறைக்க முடியாத கொடுமை இது. அங்கு சிறைபிடித்த கல்தச்சர்களும் யானைகளும் சமர்கந்தில் பீபி கானும் மசூதி எழுப்பப் பயன்பட்டன. அவசரத்தில் கட்டிய அந்த மாபெரும் மசூதி விரைவிலேயே சிதையத் தொடங்கியது. 1402இல் அங்காராவில் உஸ்மானியச் சுல்தான் முதலாம் பாயசித் தைமூரிடம் சிறைப்பட்டார்.

சீனாவை நோக்கிப் படையெடுத்துச் செல்கையில், 1405 பிப்ரவரியில் ஒத்ராரில் தைமூர் இறந்தார். வென்ற நாடுகளில் நிலையான நிர்வாகத்தை அவர் அமைத்திருக்கவில்லை. அவர் வாரிசாக அறிவித்த பேரன் பீர் முகம்மதுவை ஒதுக்கிவிட்டு, இன்னொரு பேரன் கலீல் சுல்தான் தலைநகர் சமர்கந்தைக் கைப்பற்றினார். மகன் ஷாருக் 1409இல் அதை மீட்டாலும் மேற்குப் பகுதிகள் நழுவின. 1507இல் அவரது வழிவந்தோரிடம் எஞ்சியிருந்த ஹெராத் நகரும் உஸ்பெக்குகளிடம் வீழ்ந்தது.