வலது கைக்கு எந்த பிரேக்?

போன சனிக்கிழமை என் ஒன்பது வயது மகன் பி.எம்.எக்ஸ் வண்டியின் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து புல்தரையில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தப்பு அவன் மேல் இல்லை. பழைய பிரேக் லீவர்களைக் கழற்றிப் புதுசு போட்டவன் நான். போனக்காட்டில் பழகிய கை, வலது லீவரை முன் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் வலது கை என்றால் பின் பிரேக். பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் பழகிய மகன், இறக்கத்தில் வலது கையை இறுக்கிப் பிடித்திருக்கிறான். முன் சக்கரம் நின்றது, அவன் நிற்கவில்லை.

இரவு ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். "ஏலே, வலது கை முன் பிரேக்தானே? சரியாத்தானே போட்டிருக்க?" என்றார் :-)

அகத்தியர்கூடம் ஏறப் புறப்படும் இடம் என்றால்தான் இன்று பலருக்கும் போனக்காடு தெரிகிறது. எங்களுக்கு அது தேயிலைத் தோட்டமும் லயமும். ஃபாக்டரி பாழடைந்து நிற்கிறது. அங்கிருந்து விதுராவுக்கு இறங்கும் வளைவுப் பாதையில் அப்பா ஓட்டியது கம்பி பிரேக் வண்டி. ஒயரே கிடையாது. ஹேண்டில்பாருக்கு அடியில் நீளமான லீவர். அதைப் பிடித்தால் கம்பிகள் இழுபட்டு, பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுத்தும். மழையில் இரும்பு ரிம் வழுக்கும். அப்போதெல்லாம் அப்பா வண்டியை உருட்டிக்கொண்டுதான் இறங்குவார்.

உறைக்குள் ஓடும் ஒயருக்கு இங்கிலாந்தில் எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். (ராலே கம்பெனியின் ஃபிராங்க் போடன் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கி எழுதுவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது.) அப்படியும் நம் ஊரில் கம்பி பிரேக் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸை நினைத்துப் பாருங்கள். காரணம் பழமை மோகம் இல்லை என்பது என் எண்ணம். ஒயர் துருப்பிடித்து அறும்; கம்பியை ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தால் எந்த மலையிலும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

பி.எம்.எக்ஸ் கதை வேறு. 1963-ல் வந்த ஷ்வின் ஸ்டிங்ரே என்ற சின்ன வண்டியை, 1970 வாக்கில் தெற்குக் கலிஃபோர்னியாப் பிள்ளைகள் மண் மேட்டில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓட்டினார்கள். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' படத்தின் தொடக்கமே அதுதான். அவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். கை பிரேக் பிறகு வந்து, லீவரும் குட்டையானது. ஒன்றிரண்டு விரல் பிரேக்குக்கு, மற்ற விரல்கள் பிடிமானத்துக்கு. பி.எம்.எக்ஸ் பந்தயம் 2008-ல் ஒலிம்பிக்குக்கே போனது.

சரி, இடது வலது ஏன் மாறியது? பொதுவாகச் சொல்லும் காரணம் கை சைகை. இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் திரும்ப வலது கையை நீட்டுவோம்; ஹேண்டிலில் மிச்சமிருக்கும் இடது கைக்கு, ஆளைக் கவிழ்க்காத பின் பிரேக். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். இங்கே 1970களில் வந்த மத்திய அரசு விதியும் வலது பின், இடது முன் என்கிறது. வாங்குபவர் கேட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

லீவர் வாங்கும்போது நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மகன் வண்டியில் இருப்பது வி-பிரேக், 1996-ல் ஷிமானோ கொண்டுவந்தது. அதற்கு ஒயரை அதிகம் இழுக்கும் லீவர் வேண்டும். நான் வாங்கியது பழைய காலிபர் பிரேக்குக்கானது. லீவர் கைப்பிடியில் போய் முட்டியும் கட்டை சரியாக அழுத்தவில்லை. காலிபருக்கு வி-பிரேக் லீவர் போட்டால், கல் மாதிரி இறுகும், ஆனால் பிரேக் பிடிக்காது. ஆக முதலில் பிரேக்கைப் பாருங்கள், அப்புறம் பிள்ளையின் விரல் நீளத்தைப் பாருங்கள். லீவரைக் கிட்டே கொண்டுவரும் குட்டி ஸ்க்ரூ இருந்தால் நல்லது. ஹேண்டில்பார் 22.2 மி.மீ. என்பதால் பெரும்பாலும் எதுவும் மாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் உட்கார்ந்தேன். ரப்பர் பிடியை உருவி லீவரை நுழைத்து, அவன் முன்கைக்கு நேராக விரல் போகும்படி கொஞ்சம் கீழே சாய்த்தேன். போல்ட்டை ரொம்ப முறுக்கவில்லை. விழுந்தால் லீவர் சுழலட்டும், உடைய வேண்டாம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, உறை இழுபடாத நீளத்தில் வெட்டினேன். ஒயரைக் கட்டியதும் பலம் கொண்ட மட்டும் பத்துத் தடவை அமுக்கி, தளர்ந்ததைத் திரும்ப இழுத்துக் கட்டினேன்.

வலது பின், இடது முன். தெருவில் மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

என் சைக்கிளை மட்டும் மாற்றவில்லை, அது போனக்காட்டு முறையில்தான் இருக்கிறது. அவன் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதே என்று வலது லீவரில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.