எண்ணிக்கை சொல்லாத கணக்கு: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் திடீர் வெக்கை

2003 டிசம்பரில் 'ஹேபிட்ஸ்' என்ற மருத்துவ ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சுவீடன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரையும் மறுபாதிக்கு ஹார்மோன் இல்லாத பராமரிப்பும் கொடுத்துவந்தார்கள். நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் வெக்கையையும், இரவில் நைட்டியும் தலையணையும் நனைந்துபோகும் வியர்வையையும் ஹார்மோன் தணிக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். புற்றுநோய் கண்டவர்களுக்கு அதைப் பயமில்லாமல் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. 2004-இல் 'லான்செட்' இதழில் முதல் விடை வந்தது. பின்தொடரப்பட்ட 345 பேரில், ஹார்மோன் குழுவில் 26 பேருக்கும் மற்ற குழுவில் 7 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் மீண்டோ புதிதாகவோ வந்திருந்தது. 2008-இல் வெளியான நீண்ட காலக் கணக்கிலும் போக்கு மாறவில்லை: குழுவுக்கு 221 பேர், ஹார்மோன் குழுவில் 39, மற்ற குழுவில் 17.

அதே காலத்தில் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்னொரு ஆய்வு இந்த ஆபத்தைக் காட்டவில்லை. ஹார்மோன் மாத்திரையின் ஒரு கூறான புரோஜெஸ்டோஜன் அங்கே குறைவாகக் கொடுக்கப்பட்டதுதான் காரணமா என்ற வாதம் சில ஆண்டுகள் நீண்டது. ஹார்மோனைப் போல வேலை செய்யும் டைபோலோன் மருந்தை 3,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த 'லிபரேட்' ஆய்வு 2009-இல் அந்த வாதத்தைப் பெருமளவு முடித்துவைத்தது. மருந்து எடுத்தவர்களில் 15.2 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10.7 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டது. மிக நன்றாகக் கேட்கும் மருந்தின் கதவு இப்படி மூடப்பட்டது.

மூடிய கதவுக்கு முன்னால் மருத்துவம் என்ன செய்தது? வேறு மருந்துகளைத் தேடியது, தேடியதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரே கோலால் அளந்தது: ஒரு நாளைக்கு எத்தனை முறை வெக்கை வந்தது? இந்த எண்ணிக்கை அவசியமானது. போதுமானது அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் பெண் இரவில் தூங்குகிறாளா, வெக்கையைத் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாளா, புற்றுநோயைத் தடுக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாளா என்ற மூன்றையும் சேர்த்து அளக்காத ஆய்வு, அவளுடைய நோயின் பாதியைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது கேள்வியில் உயிரே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபெனோ, லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற அரோமட்டேஸ் தடுப்பான்களோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் தரப்படுகின்றன. டமாக்ஸிஃபெனைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் மேலும் பயன் உண்டு என்று 2013-இல் 'அட்லஸ்' ஆய்வு காட்டியது. இவ்வளவு நீண்ட காலத்துக்கு விழுங்கவேண்டிய அந்த மாத்திரைகளேதான் வெக்கையையும் வரவழைக்கின்றன. வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளை டான் ஹெர்ஷ்மன் குழு 2010-இல் ஆராய்ந்தது. முழுக் காலமும் ஒழுங்காக மருந்தெடுத்தவர்கள் 49 சதவீதம். விட்டவர்கள் எல்லோரும் வெக்கைக்காகவே விட்டார்கள் என்று அந்தப் பதிவுகளிலிருந்து சொல்ல முடியாது. மூட்டுவலி உண்டு, செலவு உண்டு, அலுப்பும் உண்டு. ஆனால் பாதியில் நிறுத்தியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததை அதே குழு மறு ஆண்டு காட்டியபின், மாத்திரையை விடவைக்கும் எந்தத் தொல்லையையும் 'சின்னப் பக்கவிளைவு' என்று கேஸ் ஷீட்டின் ஓரத்தில் குறித்துவிட்டுப் போக முடியாது.

"வேர்க்கிறதென்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று ஆறுதல் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அதற்கு ஓர் அடிப்படை இருந்தது. இந்த மாத்திரைகளைச் சோதித்த 'அட்டாக்' ஆய்வின் தரவுகளை ஆய்வாளர் ஜேக் கியூசிக் 2008-இல் அலசியபோது, சிகிச்சையின் தொடக்க மாதங்களில் புதிதாக வெக்கை கண்டவர்களுக்கு நோய் மீள்வது ஓரளவு குறைந்திருந்தது. அதேபோன்ற 'எம்.ஏ.27' ஆய்வில் 2015-இல் தேடிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆறுதலாகச் சொல்லலாம், வெக்கை வராத பெண்ணை அது அநாவசியமாகப் பயமுறுத்தும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

வெக்கை எங்கிருந்து வருகிறது? டெட்ராய்ட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன், விழுங்கக்கூடிய சிறு வெப்பமானிகளைக் கொண்டு பெண்களின் உள்வெப்பத்தை அளந்தார். உடலின் உள்வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடும் ஓர் இடைவெளி உண்டு. வெக்கைத் தொல்லை இல்லாத பெண்களிடம் அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். தொல்லை உள்ளவர்களிடம் கிட்டத்தட்ட பூஜ்யம். உள்வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் பெரிய வெயிலில் நிற்பதுபோல் மூளை பதறி, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் உடல் குளிர்ந்து நடுங்குவது இதனால்தான்.

பதறுவது மூளையின் எந்தப் பகுதி என்பதற்கான விடை அரிசோனா பல்கலைக்கழகத்தில் நவோமி ரான்ஸ் செய்த பணியிலிருந்து வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு நரம்பணுக் கூட்டம் பருத்திருப்பதை 1990 வாக்கில் அவர் கண்டார். அந்த அணுக்கள் நியூரோகைனின்-பி என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அடங்கியிருப்பவை. டமாக்ஸிஃபென் ஈஸ்ட்ரோஜனின் கையைக் கட்டுகிறது, அரோமட்டேஸ் தடுப்பான் அதன் உற்பத்தியையே நிறுத்துகிறது, கீமோதெரபி சினைப்பையைச் சிதைக்கிறது. இயல்பான மெனோபாஸ் சில ஆண்டுகளில் மெல்ல வருவது. இங்கே அது சில வாரங்களில் வந்து நிற்கிறது. மேலைநாடுகளை ஒப்பிட இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் இளைய வயதிலேயே வருவதால், நாற்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருத்திக்கு இந்தத் திடீர் வரவு இன்னும் கடுமையாகலாம்.

ஹார்மோன் அல்லாத மருந்துகளின் கதைக்குள் போகுமுன் வெற்று மாத்திரையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் மருந்தே இல்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெக்கை 20 முதல் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. "எனக்குக் கேட்டது" என்ற சாட்சியத்தை மட்டும் நம்பினால், எதைக் கொடுத்தாலும் நான்கில் ஒரு பங்கு கேட்கும். மேயோ கிளினிக்கின் சார்ல்ஸ் லோப்ரின்ஸி குழு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருட்களை வெற்று மாத்திரைக்கு எதிரே நிறுத்தியதன் மதிப்பு இங்கேதான். சோயா தோற்றது. வைட்டமின்-இ நாளுக்கு ஒரு வெக்கையைக் கூடுதலாகக் குறைத்தது. அந்தப் பெண்களோ வெற்று மாத்திரையைவிட அதைப் பெரிதாக விரும்பவில்லை. மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் 75 மி.கி. அளவில் வெக்கையை 61 சதவீதம் குறைத்ததாகவும், வெற்று மாத்திரை 27 சதவீதம் குறைத்ததாகவும் 2000-இல் 'லான்செட்' வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே இதழில் காபாபென்டின்: 420 பெண்கள், நாளுக்கு 900 மி.கி., எட்டு வாரங்களில் 46 சதவீதக் குறைவு. வெற்று மாத்திரைக்கு 15.

இரண்டுமே நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைப்பவை. ஆனால் வென்லாஃபாக்சின் அட்டையைக் கையில் வாங்கும் பெண்ணிடம், இது மனச்சோர்வுக்கும் தரும் மருந்து, உங்களுக்கு வெக்கைக்காகத் தரப்படுகிறது, சட்டென்று நிறுத்தக்கூடாது என்று யாராவது உட்கார்ந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கடைக்காரரோ உறவினரோ வேறு மாதிரி சொல்வார்கள். அட்டை பீரோவுக்குள் போய்விடும். காபாபென்டின் தூக்கக் கலக்கம் தருவது. இரவு வியர்வைக்காரர்களுக்கு அதுவே ஒரு வசதி என்பதால் படுக்கைக்கு முன் ஒரு வேளை மட்டும் தரும் மருத்துவர்களும் உண்டு.

மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்லவேண்டும். டமாக்ஸிஃபென் கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதியால் எண்டாக்ஸிஃபெனாக மாறிய பிறகே முழு வலுவுடன் வேலை செய்கிறது. பாராக்ஸெட்டின் அந்த நொதியை முடக்குகிறது. சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்ஸிஃபென் குறைந்ததை வெரெட் ஸ்டேர்ன்ஸ் குழு 2003-இல் அளந்து காட்டியது. ஒன்டாரியோவில் 2,430 பெண்களின் பதிவுகளை வைத்து 2010-இல் வந்த ஆய்வு, இரண்டும் சேர்ந்திருந்த காலம் நீள நீள மார்பகப் புற்றுநோய் இறப்பும் கூடியதாகச் சொன்னது. பின்னர் கைசர் அமைப்பின் பெரிய ஆய்வில் அது உறுதியாகவில்லை. இருந்தும் டமாக்ஸிஃபென் எடுப்பவருக்குப் பாராக்ஸெட்டினையும் அதே வகையான ஃப்ளுவாக்ஸெட்டினையும் தவிர்ப்பதே மருத்துவர்களின் நடைமுறை. வென்லாஃபாக்சின் இருக்கும்போது வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக் கோலின் குறையை வெளிச்சமாகக் காட்டியது ஒரு மருந்தில்லாச் சிகிச்சை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்டர் வடிவமைத்த 'மெனோஸ் 1' ஆய்வு 2012-இல் வெளியானது. 96 பெண்கள், ஆறு வாரம், வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரக் குழுப் பயிற்சி. மூச்சைச் சீராக்குவது, தூக்கப் பழக்கம், வெக்கை ஏறும் நொடியில் ஓடும் எண்ணங்களைக் கவனிப்பது ஆகியவை பாடம். "எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்", "இனி விடிய விடியத் தூக்கமில்லை" போன்ற எண்ணங்கள்தான் ஒரு நிமிட வெக்கையை அரை மணி நேர அவதியாக்குகின்றன என்பது அதன் கருத்து. விளைவு விசித்திரமானது. வெக்கையின் எண்ணிக்கை இரு குழுக்களிலும் வேறுபடவில்லை. அது எவ்வளவு தொல்லை என்ற மதிப்பீடு மட்டும் பயிற்சிக் குழுவில் தெளிவாகக் குறைந்தது. 26 வாரம் கழித்தும் குறைந்தே இருந்தது. பழைய கோலால் மட்டும் அளந்திருந்தால் இது தோல்வியுற்ற சிகிச்சை.

இதை 'மனசைத் தேற்றிக்கொள்' என்று சொல்லி அனுப்பும் வேலையாகப் படிப்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. தோலில் வியர்வை அதே அளவு ஊறும்போதும் ஒருத்தி மீண்டும் கண்ணயர்கிறாள் என்றால், அது அவளுக்கும் அவளுடைய மாத்திரைக்கும் கிடைத்த உண்மையான ஆதாயம். 'மெனோஸ் 4' ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பயிற்சியை நடத்தியவர்கள் உளவியலாளர்கள் அல்லர். மார்பகப் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியர்கள். 130 பெண்களில் பயிற்சி பெற்றவர்களின் தொல்லை மதிப்பீடு 26 வாரத்தில் 46 சதவீதம் குறைந்தது. வழக்கமான பராமரிப்பில் 15.

வெப்பநிலை பற்றியும் ஒரு சான்று இருக்கிறது. ஃப்ரீட்மன் பெண்களை 30, 23, 18 டிகிரி அறைகளில் தூங்கவைத்துப் பார்த்தார். 18 டிகிரியில் இரவின் முதல் பாதியில் வெக்கைகள் குறைந்தன. பின்னிரவில் அந்த வேறுபாடு இல்லை. 'அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையைச் சென்னையில் சொல்லும்போது இந்த எண்ணை மறக்கக்கூடாது. மே மாத இரவு இங்கே 28 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது. ஏ.சி. உள்ள வீட்டுக்கும் அது இல்லாத வீட்டுக்கும் அறிவுரை ஒன்றாக இருக்க முடியாது. பருத்தி உடை, ஈரத் துண்டு, முன்னிரவுக்கு மேசை விசிறி என்று இறங்கிப் பேசவேண்டும். இவை வெக்கையை நிறுத்தும் என்று வாக்குறுதி கொடுக்காமல் பேசவேண்டும்.

'உடம்புச் சூடு' என்று புரிந்துகொண்டு இளநீர், மோர், வெந்தயம் என்று தேடிப்போகும் வீட்டு வைத்தியத்தைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. மோரும் இளநீரும் புற்றுநோயை மீட்டு வரப்போவதில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் போல 'பெண்களுக்கு நல்லது' என்று விற்கும் பொருட்கள் வேறு வகை. அவற்றை ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் கண்டவர் தன் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடக்கூடாது. மருத்துவர் கோபப்படாமல் பார்த்துச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

ரான்ஸ் கண்ட நரம்பணுக்களிலிருந்து இப்போது மருந்தும் வந்துவிட்டது. நியூரோகைனினின் வழியை அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட்டுக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அடுத்த ஆண்டே கல்லீரல் பாதிப்புக்காகக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரை எடுக்கும் பெண்களுக்காகவே நடந்த 'ஒயாசிஸ்-4' ஆய்வு 2025-இல், அதே வழியை அடைக்கும் எலின்சனெட்டன்டின் பலனைச் சொன்னது. 474 பெண்கள், தொடக்கத்தில் நாளுக்குப் பதினொன்றுக்கும் மேல் வெக்கைகள், பன்னிரண்டாம் வாரத்தில் மருந்துக் குழுவில் சராசரியாக 7.8 குறைந்தது, வெற்று மாத்திரைக் குழுவில் 4.2. தூக்கத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் இந்த ஆய்வு சேர்த்தே அளந்தது என்பது நல்ல மாற்றம்.

தமிழ்நாட்டில் இதே கேள்வியை ஆராய முன்வரும் குழுவுக்கு விலையுயர்ந்த புது மருந்து தேவையில்லை. இரவு வேளைக் காபாபென்டின் ஒரு பக்கம், செவிலியர் தமிழில் நடத்தும் ஆறு வாரக் குழுப் பயிற்சி மறுபக்கம் என்று நிறுத்தலாம். வெக்கையின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளட்டும். அதற்குப் பக்கத்தில் இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், வெக்கையின் தொல்லை பத்துக்கு எத்தனை, ஓராண்டு முடிவில் மருந்தகத்தில் வாங்கப்பட்ட டமாக்ஸிஃபென் அட்டைகள் எத்தனை என்ற மூன்று கட்டங்களும் அதே படிவத்தில் இருக்கட்டும்.