வாயோலை

காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடைகளுக்கு இப்போது இன்னொரு வேலையும் உண்டு. விண்ணப்பங்களை இணையத்தில் பூர்த்தி செய்து கொடுப்பது. திரையில் ‘மாவட்டம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் கீழே இறங்கும். அதில் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கட்டத்தில் ஐந்து வட்டங்கள் வரும்: காஞ்சிபுரம், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர், வாலாஜாபாத். வட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள கிராமங்கள் வரும். முதல் தேர்வைப் பொறுத்து அடுத்த பட்டியல் மாறுவதால் இதை டைனமிக் டிராப்டவுன் என்கிறோம்.

இந்த மாதிரிப் படிவங்களை எழுதுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. பட்டியலை வரவைப்பது சுலபம். ஒருவர் தேர்ந்தெடுத்த பெயர், கை மாறும்போது கெடாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். இது கம்ப்யூட்டர் காலத்துச் சிக்கல் என்றுதான் தோன்றும். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் உள்ள உத்திரமேரூரில் இதே சிக்கலுக்கு 1100 வருடங்களுக்கு முன் ஒரு தீர்வு யோசித்து, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலில் திரைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1995இல் வெளியான ஹெச்.டி.எம்.எல். 2.0 தரவரையறையிலேயே டிராப்டவுன் இருந்தது. அதில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முகம். நம் கண்ணுக்குத் தெரிவது ஊர்ப்பெயர். படிவத்தை அனுப்பும்போது சர்வருக்குப் போவது பெரும்பாலும் ‘வேல்யூ’ என்ற பெயரில் உள்ளே மறைந்திருக்கும் ஓர் எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 33. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண். இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆங்கிலத்தில் காஞ்சிபுரத்தையே நாலைந்து விதமாக எழுதுகிறார்கள், எண்ணில் அந்தக் குழப்பம் வராது. ஆனால் அனுப்புகிறவர் தாம் எதை அனுப்பினோம் என்று பார்ப்பதே இல்லை.

ஆரம்பத்தில் மாவட்டத்தை மாற்றினால் பக்கம் முழுவதும் மறுபடி ஏற வேண்டியிருந்தது. 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல், பக்கத்தை அசைக்காமல் சர்வரிடம் தகவல் கேட்கும் வசதியைச் சேர்த்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன்பிறகு இரண்டாவது பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. கூடவே புதுக் கோளாறுகளும் வந்தன. மாவட்டத்தை மாற்றியபின் பழைய வட்டங்களை அழிக்காமல் புதியவற்றை அதன் கீழேயே சேர்த்துவிடும் படிவங்கள் உண்டு. தவறிப்போய்த் தொட்டுவிடக் கூடாதென்று பூட்டி வைத்த கட்டத்தின் மதிப்பு சர்வருக்குப் போகவே போகாது. திரையில் மட்டும் பத்திரமாகத் தெரிந்துகொண்டிருக்கும். வந்த எண் உண்மையில் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதானா என்று சரிபார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சர்வர்களும் உண்டு.

இனி உத்திரமேரூருக்குப் போவோம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஏறக்குறைய பொது ஆண்டு 919, 921. கல்வெட்டுத் துறையினர் இவற்றை 1898இல் படியெடுத்தார்கள். வெங்கையாவும் பிறகு நீலகண்ட சாஸ்திரியும் விரிவாக எழுதினார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். மேடைகளில் ஜனநாயகத்தின் தாய் என்று பேசப்படுவதும் இதைத்தான். எனக்கு அதன் செய்முறைதான் ஆச்சரியம்.

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொரு குடும்புக்கும் தனித்தனி ஓலைகளில் எழுதினார்கள். ஒரு குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, இது எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையை மேலே பூட்டினார்கள். முப்பது கட்டுகளும் ஒரு குடத்துக்குள் போயின. பெயர் தனியாக அலையவில்லை. அது எதற்குக் கீழே வருகிறது என்ற செய்தியும் அதோடு கட்டப்பட்டிருந்தது. இன்று நாங்கள் வட்டத்தின் எண்ணோடு மாவட்டத்தின் எண்ணையும் சேர்த்து அனுப்பு என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

மகாசபை கூடும். நம்பிமாரில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டின் ஓலைகளை வேறொரு வெற்றுக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். வெற்றுக் குடம் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குடும்பின் ஓலை ஒன்றுகூட அடுத்த பட்டியலில் தங்கிவிட வழியில்லை. சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கினால் அதற்குள் வேறோர் ஓலை இருக்கலாம் அல்லவா? வாங்கிய ஓலையை அவர் வாசிப்பார். அத்தோடு முடியாது. அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசித்த பிறகே பெயர் ஏற்றுக்கொள்ளப்படும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் கிடைப்பார்கள். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி.

இரண்டே வருடத்தில் இந்த விதிகளைத் திருத்தவும் செய்திருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது, இரண்டாவதில் 35 முதல் 70 வரை ஆனது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் குடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். நடைமுறையில் ஏதோ இடித்திருக்கிறது, திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் பெருமைக் கட்டுரையாகிவிடும். குடத்துக்குள் யாருடைய பெயர் போனது என்றும் பார்க்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு நிலம் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. பெண்கள் இல்லை. உழுதவர்கள் இல்லை, நெய்தவர்கள் இல்லை. ஐந்து விரல் விரித்து வாங்கிய அத்தனை கவனமும் ஏற்கெனவே சலித்தெடுத்த பட்டியலுக்குள் நடந்தது. ஓலையே எழுதப்படாதவருக்கு அந்த நேர்மையால் ஒரு பயனும் கிடையாது.

நம் படிவங்களில் இந்த இரண்டு ஆபத்துகளும் சேர்ந்தே இருக்கின்றன. பிள்ளையார்பாளையத்தில் தறி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்பவர் ஒருவர். தார் சுற்றுவது, நூல் இழைப்பது, கோர்வைச் சேலைக்கு எதிர்க்கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது எல்லாம் வீட்டிலுள்ள மற்றவர்கள், பெரும்பாலும் பெண்கள். தொழில் பட்டியலில் ‘நெசவாளர்’ இருக்கும், ‘இல்லத்தரசி’ இருக்கும். “இதுல நான் எதுப்பா?” என்று ஓர் அம்மா கேட்டால், கடைப் பையன் “ஹவுஸ் வைஃப்னே போட்டுடறேன்மா” என்பான். அவன்மேல் குற்றமில்லை, பட்டியலில் வேறு வரி இல்லை. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர், சார்பு வேலை செய்வோர் என்று இரண்டு தலைப்பு வைத்திருந்தது. அதனால்தான் மொத்தம் 35.2 லட்சம் பேரில் சுமார் 8.5 லட்சம் பேர் இரண்டாம் வகையில் எண்ணப்பட்டார்கள். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் இத்தனை பேரும் அந்தக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள்.

பட்டியலில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. மதுராந்தகம், செய்யூர், தாம்பரம் எல்லாம் அந்தப் பக்கம் போயின. இதற்குப் பின் ஓர் அலுவலகத்தின் படிவத்தில் நான் நேரில் பார்த்தது இது. மதுராந்தகத்துப் பாட்டி ஒருவரின் பழைய பதிவை, போன் நம்பர் மாற்றுவதற்காகத் திறந்தார்கள். மாவட்டம் காஞ்சிபுரம் என்று வந்தது. அதன் கீழ் வந்த புதிய பட்டியலில் மதுராந்தகம் இல்லை. சேமித்த மதிப்பு பட்டியலில் இல்லை, ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற வெற்று வரியும் வைக்கவில்லை என்றால், பிரவுசர் முதல் வரியைக் காட்டும். முதல் வரி காஞ்சிபுரம் வட்டம். போன் நம்பரை மாற்றிச் சேமித்தார்கள், பாட்டியின் ஊரும் சேர்ந்து மாறியது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பிழைச்செய்தியும் வரவில்லை. மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் அவர் அலைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். மாவட்டம் மாறினால் கீழ்ப்பட்டியலைக் காலி செய்துவிட்டு நிரப்புவது, மேலே ஒரு வெற்று வரி வைப்பது, வந்த வட்டம் அந்த மாவட்டத்துடையதா என்று சர்வரில் பார்ப்பது. கடைசியாக, சேமிப்பதற்கு முன் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த எண்ணை மீண்டும் ஊர்ப்பெயராக்கி எதிரில் நிற்பவருக்கு வாசித்துக் காட்டுவது. “மதுராந்தகம்தானே பாட்டி?” என்று ஒரு குரல் கேட்டிருந்தால் போதும். உத்திரமேரூரில் ஓர் ஓலைக்கு அத்தனை பேர் வாசித்தார்கள். இங்கே வாசிக்க வேண்டியவர் ஒருவர்தான், யாருடைய ஊரோ அவர். அவர் சொல்லும் பதில் பட்டியலில் இல்லையென்றால் அதை எழுத ஒரு காலிக் கட்டமும், அதில் எழுதியதைப் படிக்க ஓர் ஆளும் வேண்டும்.