மூட்டு

மூட்டு (பெயர்ச்சொல்): உடலில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் சேரும் இடம்.

'இணை, சேர்த்துத் தை' என்று பொருள்படும் 'மூட்டு' என்ற வினையே இங்குப் பெயராகி நிற்கிறது. புதுக் கைலியின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பதைக் 'கைலி மூட்டுவது' என்கிறோம் அல்லவா, அதே சொல். 'தீ மூட்டு' என்பதில் வருவது வேறு. அது 'மூள்' என்பதன் பிறவினை.

பேச்சு வழக்கில் 'மூட்டு வலி' என்றால் பெரும்பாலும் முழங்கால் வலிதான். மருத்துவத்தில் சொல்லின் எல்லை பெரிது. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள், எப்பக்கமும் சுழலும். முழங்கை கீல் மூட்டு. அது மடங்கும், நீளும். கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ளது முளை மூட்டு. 'இல்லை' என்று தலையாட்ட உதவுவது அதுவே. கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு. அது இருப்பதால்தான் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடிகிறது.

மண்டை ஓட்டின் எலும்புகள் அசையா மூட்டுகளால் இணைந்தவை. வளைந்து நெளிந்த அந்தக் கோடுகள் தையல் போலவே தெரியும். 'மூட்டு' என்ற சொல் அப்படியே பொருந்தும் இடம் அது.

தொடர்புடைய சொற்கள்: கதவுக்கீலைக் குறிக்கும் 'கீல்' உடல் மூட்டையும் குறிக்கும், கீல்வாதம் என்ற நோய்ப்பெயர் அதிலிருந்து வந்தது. கரும்பு, மூங்கிலின் 'கணு'வே கணுக்காலிலும் இருக்கிறது.