தெலோம் ஆறு சுமக்கும் மண்

இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகம் தன் திடலில் ரசாயன உரத்தைக் கைவிட்டது. 2015இல் உணவிலும் இறைச்சி, பால் என எல்லா விலங்குப் பொருள்களையும் முழுமையாக விட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ரசிகர்களின் வாகனப் புகையைப் போல வேலிக்கு வெளியே சேரும் கேட்டையும் எண்ணாத பசுமைக் கணக்கு அரைக் கணக்கே. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவைப் பாருங்கள். இங்குள்ள காய்கறித் தோட்டச் சரிவுகளில் கரையும் மண் தெலோம் ஆற்றில் இறங்கி, சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டு, 1963இல் அணைகட்டி உருவான ரிங்லெட் ஏரியில் படிகிறது. ஏரி தூர்ந்தது. 2013 அக்டோபரில் பெருமழை இரவில் அணைநீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

காட்டை முதலில் அழித்தது தேயிலைதானே என்பார்கள். உண்மை, 1929இல் போ (BOH) தேயிலை நிறுவனம் தொடங்கிய பிறகு தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் இந்த மலைகள் மாறின. ஆயினும் வளர்ந்த தேயிலை பல பத்தாண்டுகள் வேரூன்றி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்கறிப் பாத்தியோ ஆண்டுக்குப் பலமுறை கிளறப்படும். அதற்காக விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம். தற்காலிக உரிமத்தில், அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்றே தெரியாத நிலத்துக்கு யார் செலவழித்துத் தடுப்புச்சுவர் கட்டுவார்? நீண்டகாலக் குத்தகையை முதலில் கொடுக்க வேண்டும். மண்காப்பு விதிகளை அதனோடு சேர்த்தே கேட்கலாம்.