தண்டவாளம் வளர்த்த ஊரும் தார்ரோடு வளர்த்த ஊரும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது, உன் துறை சம்பந்தமாக எழுது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் சிவில் படித்தவன். கட்டட வடிவமைப்பில் வேலை. ஆகவே மூத்தவர்களும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் பொறுத்தருள வேண்டும். சென்னை வளர்ந்த கதையில் ஒரு சிறு பகுதியை, என் வீட்டுக் கதையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மேற்கு மாம்பலம். இப்போது இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில், படூர் பக்கம் ஓர் அடுக்குமாடியின் 14-வது மாடி. இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா காலமானார். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல், மாம்பலத்து வாடகை வீட்டைக் காலி செய்து இங்கே அழைத்து வந்துவிட்டேன். லிப்ட், ஜெனரேட்டர், தோட்டம், நீச்சல் குளம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். மூன்றாம் மாதம் ஒருநாள், "இங்க எல்லாம் இருக்குடா. போறதுக்குத்தான் ஒரு இடம் இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பழைய வரைபடங்களைத் தேட வைத்தது.

சென்னையில் மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். பாரிமுனை, மவுண்ட் ரோடு என்று ஊரின் முக்கியமான தெருக்களில் எல்லாம் மணியடித்துக்கொண்டு போன வண்டி, கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் நின்றது. தாத்தாவுக்கு அது ஒரு தீராத வருத்தம். ஆனால் மாம்பலத்தை மாம்பலமாக்கியது டிராம் அல்ல, ரயில்.

1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதையடுத்து 1923 முதல் 1925 வரை, லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து, தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா. உஸ்மான், நாயர், நடேசன், பனகல் என்று ஜஸ்டிஸ் கட்சிக்காரர்களின் வருகைப் பதிவேடு மாதிரியே அந்தப் பகுதியின் பெயர்கள் இருக்கும். ஏரி போய்விட்டது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் "லேக் எங்கப்பா?" என்று கேட்டதற்கு அப்பா சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து 1931. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டருக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் வந்தது. இன்று அந்தத் தடத்தில் சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு ஸ்டேஷன் வந்துவிடுகிறது. இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயிலில் போகிறவன் ஸ்டேஷனுக்கு நடந்துதான் வர வேண்டும். ஆகவே வீடு, நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அத்தனை பேர் தினமும் நடக்கிற பாதையில் காய்கறிக்காரர் உட்காருவார், மருந்துக்கடை வரும், டிபன் கடை வரும், கோயிலுக்கும் கூட்டம் வரும். யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. கால் போன இடத்தில் கடை முளைத்தது. அந்த மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-ல் ஓய்வு பெறும் வரை நானும் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அப்பா ரிட்டயர் ஆன பிறகும் காலையில் ஸ்டேஷன் வரை நடந்து, பேப்பர் வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டுத்தான் திரும்புவார்.

இனி நம்ம ஓ.எம்.ஆர். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை. அதற்கு முந்தைய வருடம்தான் பறக்கும் ரயில் தரமணி வரை வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி வேளச்சேரியில் நின்றுகொண்டது. தெற்கே போனது ரோடு மட்டும். கிழக்கில் பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கில் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ஏரிகளும். நடுவில் ஒரு நீளப் பட்டை நிலம். குறுக்குச் சாலைகள் குறைவு என்பதால் பால் வாங்கப் போகிறவரும், ஆபீஸ் பஸ்ஸும், தண்ணீர் லாரியும் அதே ஒரு ரோட்டில்தான் ஏற வேண்டும். விளைநிலங்களை மொத்தமாக வாங்கி, சுற்றிலும் காம்பவுண்ட் எழுப்பி, ஒரே ஒரு கேட் வைத்தோம். "வைத்தோம்" என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்படிப்பட்ட இரண்டு திட்டங்களுக்கு பேஸ்மென்ட் பார்க்கிங் டிசைன் செய்தவன் நானே. ஒரு வீட்டுக்கு எத்தனை கார் என்று கணக்குப் போட்டேன். ஒரு கிழவர் கேட்டைத் தாண்டி எங்கே நடப்பார் என்று கணக்குப் போடவில்லை. அப்படி ஒரு காலம் படிவத்திலேயே கிடையாது.

எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு மருந்துக்கடை. பால்கனியிலிருந்து போர்டைப் படிக்கலாம். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் காரில் போய், யூ டர்ன் அடித்து வர வேண்டும். அப்பா கார் ஓட்டியதே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். நெருக்கம் என்றால் உயரமான கட்டடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வளாகத்தில் நானூற்றுச் சொச்சம் வீடுகள். மாம்பலத்தில் எங்கள் தெரு முழுக்க எண்ணினாலும் அவ்வளவு வராது. ஆனாலும் அங்கேதான் ஊர் பக்கத்தில் இருந்தது. இங்கே ஆட்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள், ஊர் காருக்கு அந்தப் பக்கம்.

மாம்பலத்தைச் சொர்க்கம் என்று சொல்லிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். கொசு, சாக்கடை, வண்டி நிறுத்த இடமின்மை எல்லாம் உண்டு. அதைவிட மோசமானது ஒன்று: என்னோடு படித்த நண்பன் அங்கே வாடகைக்கு வீடு தேடியபோது, மூன்று வீடுகளில் முதலில் கேட்டதே "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். அவன் இப்போது என் பிளாக்கிலேயே ஒன்பதாவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறான். "ஒனக்கு உங்க தெரு நல்ல தெருடா" என்று அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏரி விஷயத்திலும் பழையவர்கள் யோக்கியர் இல்லை. அவர்கள் லாங் டேங்கைத் தூர்த்தார்கள், நாம் சதுப்பு நிலத்தைச் சுருக்கினோம்.

ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி வரை போகும் தடத்தையும் சேர்த்து, மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். ரோடு போட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து. மாம்பலத்தில் ரயிலுக்குப் பிறகு வீடு. இங்கே வீடெல்லாம் கேட்டுக்குள் முடங்கிய பிறகு ரயில். ஸ்டேஷன் வந்தாலும் எங்கள் கேட்டிலிருந்து அதுவரை நிழலோடு ஒரு நடைபாதை இருக்குமா என்பதுதான் என் கவலை. அசோசியேஷன் கூட்டத்தில் பின்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்று சொன்னேன். செக்யூரிட்டி காரணமாக நிராகரித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வந்ததும், "கதவு என்னாச்சு?" என்றார் அப்பா. சொன்னேன். "சரி, விடு" என்று அறைக்குள் போய்விட்டார்.

போன மாதம்தான் வாய்விட்டுக் கேட்டார், திரும்பிப் போய்விடட்டுமா என்று. எனக்கு வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம் பாக்கி. மனைவிக்கு வேலை சிறுசேரியில். எங்களால் நகர முடியாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, எழுபத்திரண்டு வயதில் தனியாக. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் சரி என்றேன்.

ஆகவே நண்பர்களே, மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், ஒருவருக்குப் போதுமான போர்ஷன் யாருக்காவது தெரிந்தால் சந்திப்பு விழாவில் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் இருப்பேன். அப்பாவும் கூட வருகிறார்.